அழிய மறுத்த போர்டு

முப்பத்தைந்து வயதில் பணி ஓய்வு பெற்றவள் என்று என்னை நானே சொல்லிக்கொண்டால் வீட்டில் சிரிக்கிறார்கள். யாரும் சால்வை போர்த்தவில்லை, பென்ஷன் இல்லை, தலையில் நரைகூட இரண்டு மூன்றுதான். இரண்டாவது பிரசவத்துக்கு லீவு எடுத்தவள் திரும்பிப் போகவில்லை, அவ்வளவுதான். விட்டது சரிதானா என்று வாரத்துக்கு இரண்டு முறையாவது கணவரிடம் கேட்கிறேன். "வேலைக்குப் போனப்போ, போறது சரிதானான்னு கேட்டுட்டிருந்த. இப்ப இதுவா, சுமதி" என்கிறார் அவர்.

போன மாதம் ரேகா போன் செய்தாள். என்னிடம் வேலை பழகியவள். இப்போது பெங்களூரிலேயே ஒரு பெரிய நிறுவனத்தில், ஆள் எடுக்கும் இன்டர்வியூக்களில் கேள்வி கேட்கும் பக்கம் உட்காருகிறாள்.

"அக்கா, போர்டுல எழுதுற புரோகிராம் எவ்ளோ கரெக்டா இருக்கணும்? எங்க டீம்ல பெரிய சண்டையே நடக்குது. ஒருத்தர், ஒரு செமிகோலன் விட்டாலும் ரிஜெக்ட்டுங்கறார். இன்னொருத்தர், ஐடியா இருந்தா போதும், மத்ததெல்லாம் மன்னிச்சுடலாம்ங்கறார். நீங்க என்ன பண்ணீங்க?"

பதில் சொல்ல ஆரம்பித்தேன். சின்னவள் அழுதாள், போனை வைத்தேன். மறுபடி கூப்பிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன், பால் பொங்கியது. "அக்கா, எழுதியே அனுப்பிடுங்களேன்" என்றாள். எழுத உட்கார்ந்தால் பதில் வரவில்லை, அம்சவேணிதான் ஞாபகத்துக்கு வருகிறாள். அதையே எழுதுகிறேன்.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் வேலைக்கு வருகிறவர்களை ஒரு வெள்ளைப் பலகையின் முன்னால் நிறுத்தி, கையில் மார்க்கரைக் கொடுத்து, ஒரு கணக்கைச் சொல்லி, அதற்கு இங்கேயே புரோகிராம் எழுது என்போம். கம்ப்யூட்டர் கிடையாது. கம்ப்யூட்டரில் எழுதினால் ஒரு புள்ளி விட்டாலும் அது உடனே இங்கே தப்பு என்று சொல்லிவிடும். பலகை எதுவும் சொல்லாது. முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்து பேனாவைத் திருகிக்கொண்டிருப்பார்கள். சமையல் நன்றாகத் தெரிந்தவளை அடுப்பு இல்லாமல் சமைத்துக் காட்டச் சொல்வது போலத்தான்.

நான் பெங்களூர் மர்பி டவுனில் வளர்ந்தவள். எம்.சி.ஏ. முடித்து, ஆறு மாதப் பயிற்சியில் யார் என்ன சொன்னாலும் இரண்டு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். லிஃப்ட்டுகளை இயக்கும் புரோகிராம் எழுதுவது அங்கே வேலை. "பட்டன அழுத்துனா போகுது. அதுக்கு எதுக்குடி எம்.சி.ஏ.?" என்று அப்பா கேட்டார். மூன்றாவது மாடியில் ஒருவர், ஏழாவதில் ஒருவர், கீழே ஒருவர் ஒரே நேரத்தில் அழுத்தினால் முதலில் எங்கே போவது என்று யாராவது யோசிக்க வேண்டுமல்லவா, அதற்குத்தான் என்று விளக்கினேன். "லிஃப்ட்மேன் யோசிப்பான்" என்றார்.

எங்கள் தலைவர் நஞ்சுண்டய்யா சார். கன்னடக்காரர், ஆனால் கோலார் தங்கவயலில் வளர்ந்ததால் தமிழை எங்களைப் போலவே பேசுவார். இடையில் ஒரு 'நோடு' மட்டும் வந்துவிடும். பார் என்று அர்த்தம். அவர் அப்படிச் சொன்னால் நாங்கள் உண்மையிலேயே எட்டிப் பார்ப்போம்.

இந்தக் காலத்து ஆட்களுக்கு அவருடைய கண்டிப்பு புரியாது. அவர் வேலைக்கு வந்த காலத்தில் புரோகிராமைக் கட்டம் போட்ட தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை வேறொருவர் அட்டைகளில் துளையிடுவார், அட்டைக் கட்டு இயந்திரத்துக்குப் போகும், மறுநாள்தான் விடை வரும். ஒரு புள்ளி விட்டால் ஒரு நாள் போச்சு. அப்படிப் பல நாட்களை இழந்தவர் அவர். எனவே இன்டர்வியூவிலும் பலகையில் எழுதியது அப்படியே ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் வணக்கம்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். எழுதுகிறவர் முடித்துவிட்டேன் என்று மார்க்கரைக் கீழே வைத்ததும் பலகையை யாரும் தொடக்கூடாது. வந்தவரை வரவேற்பறையில் உட்கார வைத்து டீ கொடுக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் உதவியாளர், பெரும்பாலும் நான், பலகையில் இருப்பதை ஒரு ஷீட்டில் எழுத்துக்கு எழுத்து நகலெடுக்க வேண்டும், தப்பு இருந்தால் தப்போடு. பிறகு அந்த ஷீட்டைப் பார்த்து கம்ப்யூட்டரில் அடித்து, முன்பே தயாராக வைத்திருக்கும் மூன்று கணக்குகளைக் கொடுத்து ஓட்ட வேண்டும். ஷீட்டின் அடியில் இரண்டு கட்டங்கள் உண்டு. எத்தனை எழுத்துப் பிழை, விடை சரியா. சார் அந்த இரண்டு கட்டங்களை மட்டும்தான் பார்ப்பார்.

"எழுதினதத்தான் அடிக்கணும். எழுதினவங்க என்ன நெனச்சாங்கறத அடிக்கக் கூடாது. நோடு, நீ நல்லவளா இருந்து நடுவுல ஒரு கமா போட்டுக் குடுத்தன்னா, நாளைக்கு லிஃப்ட்ல மாட்றவன் நானு."

இந்த முறையில் கோளாறு இருக்கலாம் என்று எனக்கு ஒருமுறை தோன்றியது. ஒரு பையன் வந்தான். அச்சடித்தது போல் எழுதினான். ஒரு பிழை இல்லை, விடையும் சரி. லிஃப்ட்டுக்கு மிக அருகில் இருக்கும் மாடியைக் கண்டுபிடிப்பதுதான் கேள்வி. ஓட்டிப் பார்த்து முடித்த பிறகு, மிகத் தூரத்தில் இருக்கும் மாடியைக் கண்டுபிடிக்கச் சொன்னால் எப்படி மாற்றுவாய் என்று போகிற போக்கில் கேட்டேன். அவன் பலகையைத் துடைத்துவிட்டு, அதே புரோகிராமை அதே அழகோடு மறுபடி எழுதினான். எங்கேயோ கேள்விகளைச் சேகரித்து மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறான். ஷீட்டில் இரண்டு கட்டமும் சுத்தம். எடுத்துக்கொண்டோம். நான்கு மாதம் அவனுக்கு நானும் எனக்கு அவனும் தொந்தரவாக இருந்தோம். ஆனால் சாரிடம் போய் முறையை மாற்றுங்கள் என்று சொல்ல நான் யார் என்று பேசாமல் இருந்துவிட்டேன். பேசாமல் இருந்தது சரியா என்று பிறகு அதற்கும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அம்சவேணி வந்தது, நான் முதல் பிரசவத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பிய மூன்றாவது மாதத்தில். மகன் நவீனை பிரேசர் டவுனில் ஸ்டெல்லா ஆன்ட்டி நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு வருவேன். ஆபீசில் யாரும் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு அறையில் ஒருத்தர் மட்டும், "இப்பல்லாம் சுமதி பாதிதான் ஆபீசுக்கு வர்றாங்க, மீதி பிரேசர் டவுன்ல எறங்கிடுது" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வேலையையும் இரண்டு தடவை சரிபார்க்க ஆரம்பித்தேன்.

அன்று அவள்தான் கடைசி ஆள். அத்திபெலேயிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அப்பா லாரி டயர் கடை வைத்திருக்கிறார் என்றாள். படித்து முடித்து ஒரு வருடம் ஆகிறது, இது நாலாவது இன்டர்வியூ. உட்காரச் சொன்னால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அதே பழைய கேள்விதான். எந்தெந்த மாடியில் பட்டன் அழுத்தியிருக்கிறார்கள் என்ற பட்டியல் இருக்கிறது, லிஃப்ட் இப்போது நிற்கும் மாடி தெரியும், எது மிக அருகில் என்று கண்டுபிடி.

இரண்டு வரி எழுதியதும் மார்க்கர் காய்ந்துவிட்டது. அலமாரியில் வேறு இல்லை. என் கைப்பையில் ஒன்று இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். அவள் முதல் வரியிலிருந்து பளிச்சென்று மறுபடி எழுதிக்கொண்டே போனாள். பட்டியலில் முதலில் இருக்கும் மாடியையே அருகில் இருப்பது என்று வைத்துக்கொள், மற்றவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிடு, இன்னும் பக்கத்தில் ஒன்று கிடைத்தால் அதை எடுத்துக்கொள். எளிமையாகத்தான் யோசித்திருந்தாள். மார்க்கரை வைத்துவிட்டு வரவேற்பறைக்குப் போனாள்.

நான் நகலெடுக்க ஆரம்பித்தபோது ரிசப்ஷனிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. ஸ்டெல்லா ஆன்ட்டி போன் செய்திருக்கிறார். 'பையனுக்கு லேசாக உடம்பு சுடுகிறது. பயப்பட ஒன்றுமில்லை. ஆறு மணிக்கு வந்தால் போதும்.'

பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதியிருந்ததால்தான் பயந்தேன். மணி ஐந்தே கால். நகலெடுத்தேன், அடித்தேன், ஓட்டினேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. முதல் இரண்டு கணக்குக்கும் விடை சரி. மூன்றாவதில், லிஃப்ட் இரண்டாவது மாடியில் இருக்கிறது, ஒன்பது, ஏழு, ஐந்தில் அழுத்தியிருக்கிறார்கள். ஐந்து என்று வர வேண்டும். சைபர் என்று வந்தது. யாரும் அழுத்தாத தரைத்தளத்துக்கு லிஃப்ட்டை அனுப்புகிறது புரோகிராம். ஷீட்டைப் பார்த்தேன். எண்ணுவது சைபரிலிருந்து தொடங்குவதால், பட்டியலில் மூன்று மாடிகள் இருந்தால் இல்லாத நாலாவதையும் போய்ப் பார்க்கிறது. 'சிறியது' என்ற குறி இருக்க வேண்டிய இடத்தில் 'சிறியது அல்லது சமம்' என்ற குறி. எல்லோரும் செய்யும் தப்புதான். விடை தப்பு என்று கட்டத்தில் எழுதி சாரிடம் கொடுத்தேன்.

சார் வெளியே போய் அவளிடம் நேராகவே சொன்னார். "சாரிம்மா. புரோகிராம் சரியா ஓடல."

"எங்க சார் தப்பு?"

"அதச் சொல்றதில்லம்மா. ரூல்."

"நான் ஒரு தடவ போர்டப் பாத்துட்டு வரட்டுமா சார்?"

"பாத்து என்ன பண்ணப் போற? பஸ்ஸுக்கு நேரமாகுது, பத்திரமாப் போ."

அவள் தலையாட்டிவிட்டு, குடித்த டீ டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே வாசல்வரை போய், திரும்பி வந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். நான் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது ஆபீஸ் உதவியாளர் முனிரத்னம் குரல் கொடுத்தார். அவரும் எங்கள் பேட்டைக்காரர்தான்.

"சுமதிம்மா, போர்டு இன்னா இப்புடி கீது? தொடச்சாப் போவ மாட்டேங்குது."

"நாளைக்குப் பாத்துக்கலாம் முனிரத்னம்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். நவீனுக்குப் பல் முளைக்கிறதாம். அவ்வளவுதான். ஸ்டெல்லா ஆன்ட்டி வாசலில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, "நான்தான் பயப்படாதேன்னு சொன்னேனே" என்றார்.

மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போனால் முனிரத்னம் போர்டு முன்னால் நின்று, சாதாரண மார்க்கரால் எழுத்துகளின் மேல் கிறுக்கிக் கிறுக்கித் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறார். கீழேயிருந்து மூன்று வரி போய்விட்டது.

"இப்புடி மேல எழுதித் தொடச்சா வந்துரும். யாரோ பார்சல் மார்க்கர்ல எழுதிட்டாங்க. எந்தப் புண்ணியவானோ."

அந்தப் புண்ணியவதி நான்தான். காப்பகத்தில் பால் பாட்டிலில் அழியாத மையால் பெயர் எழுதி அனுப்பச் சொல்வார்கள். அதற்காகப் பையில் வைத்திருந்த மார்க்கரைத்தான் அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே பலகையைப் பார்த்தேன்.

'சிறியது' என்ற குறிதான் இருந்தது. அதன் கீழே சமக் கோடு இல்லை.

"முனிரத்னம், நிறுத்துங்க."

"இன்னும் ரெண்டே வரிம்மா."

"நிறுத்துங்க. துணியக் கீழ வைங்க."

அவர் துணியை வைத்துவிட்டு என்னை விசித்திரமாகப் பார்த்தார். போய் என் மேசையிலிருந்த ஷீட்டை எடுத்து வந்து பக்கத்தில் பிடித்தேன். ஷீட்டில் சமக் கோடு இருந்தது. என் கையெழுத்தில், அழுத்தமாக. எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. நான் எழுதும்போது 'ஒன்று கழித்த எண்ணிக்கைக்குச் சிறியது அல்லது சமம்' என்று சுற்றி வளைத்துத்தான் எழுதுவேன். முந்தின நாள் கை தன் பழக்கப்படி அந்தக் கோட்டைப் போட்டுவிட்டு, கண் பலகையில் இருந்ததைத் தொடர்ந்திருக்கிறது. அவள் சரியாக எழுதியதை நான் தப்பாக்கி, அந்தத் தப்புக்காக அவளை அனுப்பிவிட்டோம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. முதல் வரியின் முடிவில் அவள் செமிகோலன் போடவில்லை. ஷீட்டில் இருந்தது. அதையும் என் கைதான் போட்டிருக்கிறது.

பதினொரு மணிக்கு ஷீட்டுகள், ஆள் எடுப்பதைப் பதிவு செய்யும் பெர்சனல் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே 'எடுக்கவில்லை' என்று பதிவானால் ஒரு வருடத்துக்கு அந்த ஆளை மறுபடி கூப்பிட முடியாது. மணி ஒன்பதரை. முனிரத்னம் துணியோடு காத்திருக்கிறார். நான் சரி என்று தலையசைத்தால் ஐந்து நிமிடத்தில் பலகை வெள்ளையாகிவிடும், இதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். சொன்னால், பாதி ஆபீசுக்கு வருகிறவள் என்ற பேச்சு உண்மையாகிவிடும். அதோடு, சொல்லி என்ன பயன்? செமிகோலன் விட்டதால் எங்கள் முறைப்படி அவள் எப்படியும் தேறமாட்டாள். அதை மட்டும் சொல்லாமல் விட்டால்? அதுவும் பொய். இப்படி ஒரு பதினைந்து நிமிடம் அந்த அறையில் நின்றேன். முனிரத்னம், "சாருக்கு டீ குடுத்துட்டு வரட்டுமா, நீ யோசிச்சு வையி" என்று போய்விட்டார். அவர் பின்னாலேயே நானும் போனேன்.

சார் முழுவதையும் கேட்டார். மேசையிலிருந்து ஆறு அங்குல ஸ்கேலை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். போர்டு முன்னால் உட்கார்ந்து ஷீட்டை மடியில் வைத்து, முதல் வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்தார்.

"போர்டப் படி. ஒவ்வொரு எழுத்தா. நான் டிக் போடறேன்."

பழைய காலத்தில் துளையிட்ட அட்டைகளை அப்படித்தான் சரிபார்ப்பார்களாம். படித்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும், ஒவ்வொரு அடைப்புக்குறிக்கும் பென்சிலால் ஒரு சின்ன டிக். முதல் வரியின் முடிவுக்கு வந்ததும் நிறுத்தினேன்.

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணுமில்ல சார்."

"செமிகோலன் இருக்கே."

"ஷீட்ல இருக்கு. போர்டுல இல்ல. அது நான் போட்டது."

பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். ஸ்கேல் கீழே இறங்கியது. சமக் கோட்டில் இன்னொரு வட்டம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப ரெண்டு தப்பும் உன்னது. ஒண்ணு அவளத் தூக்கி விட்டுது, ஒண்ணு அவளத் தள்ளி விட்டுது."

"ஆமா சார்."

"எத்தன வருஷமா இந்த வேல பாக்கற?"

"நாலு, சார்."

"நாலு வருஷம். உக்காந்துகிட்டு, முன்னாடி போர்டு, கையில பேனா, வெறும் நகல் எடுக்கறதுக்கு ரெண்டு தப்பு." தலை குனிந்தேன். அவர் குரலில் கோபம் இல்லை. தனக்கே ஏதோ கணக்குப் போடுவது போல் பேசிக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணு நின்னுகிட்டு, பழக்கமில்லாத எடத்துல, நம்ம ரெண்டு பேரும் மொறைச்சிட்டிருக்கறப்ப யோசிச்சு எழுதுனதுல ஒண்ணு. நோடு, இதுல யார நான் வேலைய விட்டு அனுப்பணும்?"

அவர் தன் அறைக்குப் போய், பெர்சனலுக்குப் போன் செய்து ஷீட்டைச் சாயந்திரம் தருவதாகச் சொன்னார். பிறகு, "கூப்புடு அவள" என்றார்.

டயர் கடை நம்பருக்குப் போன் செய்தேன். அப்பாதான் எடுத்தார். பின்னால் காற்றடிக்கும் சத்தம். மகளை இன்றே வரச் சொல்ல முடியுமா என்றேன். "நேத்துதானே வேணாம்னீங்க?" என்றார். வந்தால் விவரம் சொல்கிறோம் என்றேன். சரி என்றாரா, சத்தத்தில் தெரியவில்லை.

ஒரு மணிக்கு வந்தாள். அதே சுடிதார், அவசரமாக இஸ்திரி போட்டது. சார் அவளைப் போர்டு முன்னால் நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்து, "சொல்லு" என்றார். சொன்னேன். நீ அந்தக் குறியைச் சரியாகத்தான் எழுதியிருந்தாய், நகலெடுக்கும்போது நான் தப்பாக எழுதிவிட்டேன், அதனால்தான் விடை மாறியது, மன்னித்துக்கொள் என்றேன். அழுதுவிடுவாளோ, கோபப்படுவாளோ என்று பயந்தேன்.

அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது சரிதான் மேடம். ஆனா இதுல தப்பு இருக்கு."

செமிகோலனைப் பார்த்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"நேத்து பஸ்ல போறப்பதான் தோணுச்சு. சந்தாபுரா தாண்டினதும் யாரும் எறங்கல, ரெண்டு ஸ்டாப் பஸ் நிக்காமயே போச்சு. அப்பத்தான் நெனச்சேன், யாருமே பட்டன் அழுத்தலன்னா என் லிஃப்ட்டு என்ன பண்ணும்னு. நான்தான் பட்டியல்ல மொதல்ல இருக்கற மாடியத் தூக்கிக் கையில வெச்சிட்டு ஆரம்பிக்கறேனே. பட்டியல்ல ஒண்ணுமே இல்லன்னா மொதல்ல என்ன இருக்கும்? சும்மா நிக்க வேண்டிய லிஃப்ட்டு எங்கயாச்சும் கெளம்பிடும் சார். அதுக்காகத்தான் ரிஜெக்ட் பண்ணீங்கன்னு நெனச்சேன். நீங்க செஞ்சது சரின்னு அப்பாகிட்டகூடச் சொன்னேன்."

சார் என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன். இரண்டு வருடமாக நாங்கள் கேட்டுவந்த கேள்வி. எங்களுடைய மாதிரி விடையும் பட்டியலில் முதலில் இருக்கும் மாடியைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறது. எங்கள் மூன்று கணக்குகளில் ஒன்றில்கூட யாரும் பட்டன் அழுத்தாமல் இருந்ததில்லை. எங்கள் நிஜ லிஃப்ட்டுகளில் இதை வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறோம் என்பது வேறு விஷயம். இன்டர்வியூவுக்கு வந்தவர்களில் ஒருவரும் கேட்டதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

"எப்படித் திருத்துவ?" என்றார் சார். குரல் இறங்கியிருந்தது.

சாதாரண மார்க்கரை எடுத்து மேலே ஒரு வரி சேர்த்தாள். பட்டியல் காலியாக இருந்தால், நிற்கும் மாடியிலேயே நில்.

"வேற தப்பு இருக்கா?"

மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். "ஒரு செமிகோலன் விட்டிருக்கேன் சார்."

"அது?"

"அது மெஷினே சொல்லிடும் சார். இத அது சொல்லாதே."

நஞ்சுண்டய்யா சார் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் முதலில் பார்த்தேன். சிரிப்பை நிறுத்தி, "எங்க காலத்துல மெஷின் மறுநாள்தாம்மா சொல்லும்" என்றார். பிறகு அவராகவே, "இப்ப ஒடனே சொல்லிடுதுல்ல" என்றார், யாரோ அவருக்குப் புதிதாகச் செய்தி கொண்டுவந்தது போல.

புது ஷீட் எடுக்கப் போனேன். "மாத்தி எழுதாத. பழசுலயே அடிச்சு எழுது" என்றார். காரணம் என்ற இடத்தில் 'நகலெடுத்ததில் பிழை' என்று எழுதினேன்.

"யார் நகலெடுத்ததுன்னு எழுதணுமா சார்?"

"எழுதணும்."

எழுதி, கீழே என் கையெழுத்தும் போட்டேன். பக்கத்தில் அவரும் போட்டார். சாப்பாட்டு அறையில் இதைப் பற்றி என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பல நாள் முயன்றேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு முறையைக் கொஞ்சம் மாற்றினோம். நகலை வந்தவரே எடுத்துக் கொடுக்கட்டும் என்றார் சார். எழுதி முடித்ததும், "இதுல தப்பு எங்க இருக்கும்னு நீயே தேடு" என்று பத்து நிமிடம் கொடுத்தோம். எழுத்துப் பிழைக் கட்டம் அப்படியே இருந்தது, அதை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் அதை வைத்து யாரையும் அனுப்பவில்லை. ரேகா, உன் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். சரியாக எழுதத் தெரிந்திருக்க வேண்டும், வரிக்கு வரி ஓட்டை விட்டால் பழக்கம் இல்லை என்று அர்த்தம். ஆனால் ஒரு புள்ளி விட்டதற்காக ஒருவரை அனுப்பும் முன், அவர் தன் தப்பைத் தானே தேடுகிறவரா என்று பார். உங்கள் டீமில் சண்டை போடும் இரண்டு பேரில் யார் சரி என்று கேட்டால், இரண்டு பேருமே கொஞ்சம் சரி என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. நான் அப்படித்தான், உனக்கே தெரியும்.

அன்று அம்சவேணியிடம் சார் வேலை கொடுத்ததைச் சொன்னதும், அவள் வரவேற்பறைப் போனைக் கேட்டு வாங்கி டயர் கடைக்குப் பேசினாள்.

"அப்பா, நான்தான். கெடச்சிடுச்சு. இல்லப்பா, நேத்து இல்லன்னாங்க, இன்னிக்கு ஆமாங்கறாங்க. தெரியலப்பா, நான் பண்ண தப்பு வேற, அவங்க சொன்ன தப்பு வேற. நீயே கேளு."

ரிசீவரை என்னிடம் நீட்டினாள்.

"அம்மா, காலையில போன் பண்ணது நீங்கதானே?"

"ஆமாங்க."

"நேத்து வேணாம்னு அனுப்புனது?"

"அதுவும் நாங்கதாங்க."

காற்றடிக்கும் சத்தம் நின்றது. யாரையோ சும்மா இருக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

"தப்பா நெனைக்காதீங்க. எம்பொண்ணு நேத்து வந்து சோறு திங்கல, சுவத்துல வெரலாலயே எழுதிட்டு நின்னா. எனக்கு ஓட்ட வாயி. இப்ப போன வெச்சதும் அத்திபெலே பூராச் சொல்லிடுவேன். நாளைக்கு மறுபடி இல்லேன்னு சொல்லிட மாட்டீங்களே? நிச்சயந்தானே?"

பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் ஏறிய பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருப்பவள் நான். அம்சவேணி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நிச்சயங்க" என்றேன். "ஊரெல்லாம் சொல்லுங்க."